எரிமலைக் கல் தூள் நம் வீட்டு மண்ணைத் தேற்றுமா? கோலாலம்பூர் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செத்தாபாக்கில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். வாசலில் ஒரு துண்டு நிலம், பின்பக்கம் இன்னொரு துண்டு. அவ்வளவுதான் என் தோட்டம். பின்கட்டில் ஒரு நீல டிரம் நிறைய சாம்பல் நிறத் தூள் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் முதலில் சிமெண்ட் என்று நினைக்கிறார்கள். எரிமலைக் கல்லை அரைத்த தூள் என்றதும் கேள்வி மேல் கேள்வி வரும். தாமான்காரர்களும் (எங்கள் குடியிருப்புப் பகுதிக்காரர்கள்), கோயிலில் சந்திப்பவர்களும், பினாங்கிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

என் மண்ணில் அப்படி என்னதான் குறை? எதை நட்டாலும் ஒரு முழத்துக்கு மேல் வளரமாட்டேங்குது.

குறை இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று இயற்கை, இன்னொன்று வீடு கட்டித் தந்த குத்தகைக்காரர்.

இயற்கையை முதலில் பார்ப்போம். நம் நாட்டு மண் மிகக் கிழட்டு மண். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது, வெயிலுக்கும் குறைவில்லை. பல லட்சம் ஆண்டுகளாக இந்த மழையும் வெக்கையும் பாறையைக் கரைத்துக் கரைத்து, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் ஆற்றில் அடித்துக்கொண்டு போய்விட்டன. மிச்சம் நின்றது கரையாத சமாச்சாரம்: இரும்புத் துரு, அலுமினிய ஆக்சைடு, கயோலின் களி. மண்ணின் சிவப்பு அந்தத் துருவின் நிறம்தான். மண்ணியலில் அல்டிசால், ஆக்சிசால் என்று சொல்லும் இந்த இரண்டு வகை மண்தான் மலேசிய நிலப்பரப்பில் நூற்றுக்கு 72 பங்கு. இவற்றின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் நடுவில். அவ்வளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைச் சுட்டுவிடும். வேர் கட்டையாகக் குட்டையாக நின்றுவிட்டால் செடி எங்கே வளரும்? நீங்கள் போடும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அந்தத் துருவே பற்றிக்கொண்டு செடிக்கு விடாது. உரம் போட்டும் பலன் இல்லை என்று புலம்புகிறவர்களின் கதை பாதி இதுதான்.

இனிக் குத்தகைக்காரர். தாமான் கட்டும்போது குன்றை வெட்டிச் சமப்படுத்துவார்கள். மேலே இருந்த ஒரு சாண் கருப்பு மண் முதல் நாளே லாரியில் ஏறிப் போய்விடும். நமக்குக் கிடைப்பது அடிமண். அதில் உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டு, காய்ந்த சிமெண்ட் எல்லாம் கலந்து, மேலே புல் விரிப்பை உருட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு முறை மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள், "ணங்" என்று சத்தம் கேட்கும்.

எரிமலைக் கல் என்றால் எது? பத்துமலைக் கல்லும் அதுதானா?

இல்லை. பத்துமலை சுண்ணாம்புக் கல். கடலடியில் படிந்து இறுகிய கல் அது, எரிமலைக்கும் அதற்கும் உறவில்லை. பினாங்குக் குன்றும் எரிமலைக் கல் இல்லை, அது கிரானைட். பூமிக்குள் ஆழத்தில் மெதுவாக ஆறிய பாறை.

தோட்டத்துக்கு வேண்டியது பசால்ட். எரிமலைக் குழம்பு தரைமேல் வழிந்து சட்டென்று ஆறிய கல். நம் தமிழில் ஒரு சங்கடம்: கருப்பாகக் கடினமாக இருக்கும் கல்லையெல்லாம் "கருங்கல்" என்றுவிடுகிறோம். கோயில் தூணும் கருங்கல், ரோட்டில் கொட்டும் ஜல்லியும் கருங்கல். தோட்டத்துக்கு வாங்கும்போது "கருங்கல் தூள்" என்று கேட்காதீர்கள், "பசால்ட்" என்றே கேளுங்கள்.

பசால்ட்டில் ஏறத்தாழ பாதி சிலிக்கா. சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு) நூற்றுக்குப் பத்தை ஒட்டி, மக்னீசியமும் அதற்குக் கொஞ்சம் கீழே, இரும்பு நிறைய, பொட்டாசியம் ஒரு பங்கு போல. மணிச்சத்து அரைப் பங்குக்கும் குறைவு. தழைச்சத்து (நைட்ரஜன்) கிடையவே கிடையாது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பிறகு உதவும்.

நம் ஊரில் எரிமலையே இல்லையே, தூள் எங்கிருந்து வருகிறது?

இப்போது எரியும் மலை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. குவாந்தான் பக்கமும் ஜொகூரில் சிகாமட் பக்கமும் பசால்ட் பாறை கிடக்கிறது. சபாவில் தாவாவுக்கு அருகே பொம்பாலாய் குன்று அணைந்துபோன எரிமலை. அந்த வட்டார மண்ணில்தான் கொக்கோ கொழித்தது. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது அதன் சாம்பல் நம் பேராக் வரை வந்து விழுந்தது. லெங்கோங் பள்ளத்தாக்கில் அந்தச் சாம்பல் அடுக்கை இன்றும் பார்க்கலாம்.

கடைகளில் கிடைப்பது உள்ளூர் பசால்ட் தூளாகவும் இருக்கலாம், வெளிநாட்டு மூட்டையாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வரும் அசோமைட்டும் எரிமலைச் சாம்பல் வழி வந்ததுதான், ஆனால் அது பசால்ட் இல்லை. சின்னப் பொட்டலத்தில் பெரிய விலைக்கு விற்கிறது. நான் வாங்குவதில்லை. உள்ளூர்க் கல்லே போதும்போது கப்பல் ஏறி வந்த கல் எதற்கு?

குவாந்தானில் மண்ணே பசால்ட்டிலிருந்து உண்டானது என்கிறார்கள். அப்படியானால் அந்த மண் ஏன் வளமாக இல்லை?

இதைக் கேட்டவர் என் மச்சினன். வாதம் பண்ணத்தான் கேட்டார், ஆனால் விஷயத்தின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

குவாந்தான் செம்மண் பசால்ட்டின் பிள்ளைதான். ஆனாலும் அது புளித்த, சத்தற்ற ஆக்சிசால். ஜாவாவில் மெராப்பி 2010-இலும் கெலுட் 2014-இலும் சாம்பலைக் கக்கின. அந்த மலைகளைச் சுற்றி நெல்லும் காய்கறியும் செழிக்கின்றன. இரண்டு இடத்திலும் தாய் எரிமலைதான். வேறுபாடு வயதில் இருக்கிறது. ஜாவாவில் மலை அவ்வப்போது புதுக் கல்லைத் தூளாகத் தூவிக்கொண்டே இருக்கிறது. குவாந்தானில் தூவி நின்று பல காலம் ஆயிற்று. அதற்குப் பிறகு பெய்த மழை எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டது.

ஆக எரிமலை என்ற பெயரில் மந்திரம் எதுவும் இல்லை. இன்னும் மழை தின்னாத, புதிதாக உடைத்த கல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே குவாந்தானில் மேலே கிடக்கும் சிவப்பு மண்ணை அள்ளி வந்து போட்டால் ஒன்றும் ஆகாது. அடியில் இருக்கும் கருப்புப் பாறையை உடைத்து அரைத்துப் போட்டால் உங்கள் மண் வயது குறைந்த மாதிரி ஆகும். "வல்கானிக் ரெட் சாயில்" என்று எழுதிய மூட்டையைப் பார்த்து மயங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தூள் மண்ணுக்குள் போய் அப்படி என்ன செய்கிறது?

கல்லிலே நார் உரிக்கிற வேலை. செய்வது மழை நீரும், வேரும், மண் நுண்ணுயிரும். நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. வேரும் தன் பங்குக்கு அமிலத்தைக் கசியவிடுகிறது. இந்த அமிலம் கல் துகளைக் கடிக்கக் கடிக்க, அமிலம் செலவாகி மண்ணின் புளிப்பு குறைகிறது. கால்சியமும் மக்னீசியமும் வெளியே வருகின்றன. புளிப்பு குறைந்தால் கரைந்திருந்த அலுமினியம் மறுபடி உறைந்து அடங்கிவிடும். வேர் பிழைத்தது.

சிலிக்காவுக்கும் வேலை உண்டு. கரைந்த சிலிக்கா அந்த இரும்புத் துருவின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. மணிச்சத்து உட்கார வேண்டிய நாற்காலியில் சிலிக்கா உட்கார்ந்துவிட்டால், மணிச்சத்து செடிக்காக வெளியே நிற்கும். அதோடு, சத்துகளைப் பிடித்துவைக்கும் சக்தியும் அந்த மண்ணுக்குக் கொஞ்சம் கூடுகிறது. செர்டாங்கில் இருக்கும் புத்ரா மலேசியா பல்கலைக்கழக மண்ணியல் ஆய்வாளர்கள் இதே பசால்ட் தூளை ஆக்சிசால் மண்ணில் கலந்து கொக்கோக் கன்று வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். புளிப்பு தணிந்தது, அலுமினியம் இறங்கியது, கால்சியமும் மக்னீசியமும் ஏறின, கன்றும் நன்றாக வளர்ந்தது. நம் நாட்டு மண்ணிலேயே பார்த்த சோதனை என்பதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் சொல்வதை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே கல் கரையும் வேகமே வேறு. நம் வெக்கையும் மழையும் புளிப்பும் கல்லைக் கரைப்பதற்கென்றே அமைந்தவை.

எவ்வளவு போடணும்?

சதுர மீட்டருக்கு ஒரு கிலோவில் தொடங்குங்கள். மண் ரொம்ப மோசம் என்றால் இரண்டு கிலோ. ஹெக்டேர் கணக்கில் இது 10 முதல் 20 டன்.

வரிசை வீட்டு வாசலில் 22 அடி நீளம், 4 அடி அகலம் என்று ஒரு பாத்தி இருந்தால் அது ஏறத்தாழ 8 சதுர மீட்டர். எட்டு முதல் பதினாறு கிலோ பிடிக்கும். அதிகம் என்று தோன்றலாம். ஆனால் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் சதுர மீட்டருக்கு 180 கிலோ போல எடை இருக்கும். அதில் ஒரு கிலோ என்பது சோற்றில் உப்பு மாதிரி. பூந்தொட்டிக்கு 10 லிட்டர் மண்ணுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி.

மேலே தூவிவிட்டுப் போகாதீர்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும். விரலிடுக்கில் தேய்த்தால் கோதுமை மாவு போல இருக்க வேண்டும். நறநறவென்று ரவை பதத்தில் இருந்தால் அது உங்கள் பேரப்பிள்ளை காலத்துக்கான உரம்.

அக்கா, எருவெல்லாம் நாத்தம். இந்தத் தூளை மட்டும் போட்டா போதுமா?

போதாதுடா தம்பி. தழைச்சத்து கல்லில் கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா? கல்லைக் கடிக்கும் நுண்ணுயிருக்கும் சாப்பாடு வேண்டும். அதன் சாப்பாடு எருதான். எரு இல்லாத அடிமண்ணில் தூளைப் போட்டால் தூள் தூளாகவே கிடக்கும்.

நானே பட்டு அறிந்தது இது. பின்கட்டில் மூன்று பாத்தி போட்டேன். ஒன்றில் மக்கிய எரு மட்டும், ஒன்றில் கல் தூள் மட்டும், மூன்றாவதில் இரண்டும். மூன்றிலும் வெண்டை. தூள் மட்டும் போட்ட பாத்தி முதல் ஆண்டு பார்க்கச் சகிக்கவில்லை. எருப் பாத்தியும் கலப்புப் பாத்தியும் ஒன்றுபோலத்தான் காய்த்தன; காசைக் கொட்டி ஏமாந்தோமோ என்றுகூட நினைத்தேன். இரண்டாம் ஆண்டு நான் எருப் போடுவதில் சோம்பல்பட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. எரு மட்டும் போட்ட பாத்தி சீக்கிரம் இளைத்துவிட்டது, கலப்புப் பாத்தி தாக்குப்பிடித்தது. மூன்று பாத்தியை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து தூளைத் தனியாக எந்தப் பாத்திக்கும் நான் போட்டதில்லை.

நாற்றத்துக்கு வழி இருக்கிறது. பச்சைக் கோழிச்சாணம் வாங்காதீர்கள். ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். மக்கவைத்து உருண்டையாக்கிய கோழி எரு கிடைக்கிறது. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலையை மக்கவைத்த கம்போஸ்ட் இன்னும் நல்லது, நாற்றமும் இல்லை. வீட்டிலேயே மக்கவைப்பவர்கள் காய்கறிக் கழிவு ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கைப்பிடி கல் தூளைத் தூவலாம். தூளைத் தோட்டத்தில் போடுவதைவிடக் கம்போஸ்டில் போடுவது எனக்குப் பிடித்த வழி. பாதி வேலை அங்கேயே நடந்துவிடுகிறது.

டோலமைட் சுண்ணாம்புதான் மலிவாச்சே. அதையே போட்டால் என்ன?

தாராளமாகப் போடலாம். மண் புளிப்பைத் தணிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் டோலமைட்டை மிஞ்ச எதுவும் இல்லை. சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் போட்டால் சில வாரங்களிலேயே பி.எச். நகரத் தொடங்கும். அதே அளவு தணிக்கப் பசால்ட் பல மடங்கு வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

டோலமைட் கால்சியமும் மக்னீசியமும் தரும், அத்தோடு சரி. பசால்ட்டில் சிலிக்கா, கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் மணிச்சத்து, மாங்கனீசு போன்ற நுண்சத்துகளும் கூட வரும். அளவு மிஞ்சிப் போட்டாலும் மண்ணைச் சட்டென்று காரமாக்கிவிடாது. கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் எரு, அடுத்து டோலமைட், அதற்குப் பிறகுதான் பசால்ட். கல் தூள் விற்கிறவர்கள் இந்த வரிசையைச் சொல்லமாட்டார்கள்.

வாங்கிய தூள் அசல் பசால்ட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு சோதனை, இரண்டும் சமையலறையிலேயே முடியும்.

ஒரு கரண்டித் தூளில் வினிகர் ஊற்றுங்கள். நுரை பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். பசால்ட் பொங்காது, பழைய கல்லாக இருந்தால் ஒன்றிரண்டு குமிழி வரலாம். அடுத்தது, காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து உலர்ந்த தூளுக்குள் விட்டு எடுங்கள். பசால்ட்டில் மேக்னடைட் இருப்பதால் பை மேல் மீசை மாதிரி கருப்புத் துகள் ஒட்டும். கிரானைட் தூளில் அவ்வளவு ஒட்டாது. பையை மறந்து காந்தத்தை நேரே விட்டால் அப்புறம் அதைச் சுத்தம் பண்ணவே ஒரு நாள் போய்விடும்.

ஒரு முறை இணையத்தில் "எரிமலைத் தாது" என்று படமெல்லாம் போட்டு விற்ற மூட்டையை வாங்கினேன். வினிகரில் சோடா மாதிரி பொங்கியது. பத்துமலைக்குப் பக்கத்தில் உடைத்த கல்லுக்கா இவ்வளவு விலை என்று சிரிப்புதான் வந்தது. வீணாகவில்லை, சுண்ணாம்புக்குப் பதிலாகப் பாகல் பந்தலுக்குப் போட்டேன்.

பினாங்கில் குவாரித் தூசி சும்மாவே கிடைக்கிறது. அதைப் போடலாமா?

தங்கச்சி, அது கிரானைட் தூசி. அதில் பெரும்பங்கு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். குவார்ட்ஸ் என்பது மணல்தான், கரையாது. ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாசியம் இருக்கிறது, ஆனால் கெட்டிப்பிடி. பசால்ட்டைவிட மிக மெதுவாகத்தான் விடும். காஜாங், செமினி பக்கத்துக் குவாரிகளிலும் கிரானைட்தான். களிமண்ணைக் கொஞ்சம் இளக்க உதவும் என்று சொல்வார்கள், அதற்குக்கூட நான் எருவைத்தான் போடுவேன். இன்னொன்று, கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் அதிகம் என்பதால் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல்.

எங்கள் வீடு பழைய ஈயச் சுரங்க நிலத்தில். வெறும் வெள்ளை மணல். இதற்கு?

பூச்சோங், சுங்கை பீசி, அம்பாங் பக்கம் நிறைய பேருக்கு இந்தக் கதை. ஈயம் (வெள்ளீயம்) எடுத்த பிறகு கழுவிக் கொட்டிய மணல் அது. நீரையும் பிடிக்காது, உரத்தையும் பிடிக்காது. காலையில் போட்ட உரம் சாயங்கால மழையில் லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போய்விடும்.

இங்கே பசால்ட் தூள் இரண்டாம் பட்சம். முதலில் வேண்டியது பிடிமானம். கம்போஸ்ட் நிறைய, கூடவே ஜியோலைட். இதுவும் எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டாகும் தாதுதான். தேன்கூடு போல உள்ளே நுண்துளைகள். நம் கயோலின் களியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சத்தைப் பிடித்துவைக்கும். தழை உரத்தின் அம்மோனியத்தை அப்படியே கவ்விக்கொண்டு வேர் கேட்கும்போது விடும். ஜாவாவிலிருந்து வருகிறது. மீன் தொட்டி சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும். உரக்கடையில் மூட்டையாக வாங்கினால் மலிவு. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போதும்.

பழைய சுரங்க நிலம் சிலவற்றில் ஆர்செனிக் போன்றவை கூடுதலாக இருப்பதுண்டு. கீரை போட்டுச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் மண்ணை ஆய்வகத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அல்லது வெளி மண் கொட்டிய உயரப் பாத்தியில் கீரையைப் போடுங்கள்.

பெர்லைட், பியூமிஸ், லாவா ராக்... இவையும் எரிமலைதானே?

ஆமாம், ஆனால் வேலை வேறு. இவை உரம் இல்லை, காற்றோட்டம். பெர்லைட் எரிமலைக் கண்ணாடி. சூளையில் சுட்டால் சோளப்பொரி மாதிரி பொரிந்து பல மடங்கு உப்பும். லேசாக இருப்பதால் நம் மழைக்குத் தொட்டியில் மேலே மிதந்து வந்துவிடும், எனக்கு அது எரிச்சல். பியூமிஸ் மிதக்கும் நுரைக்கல், லொம்போக்கிலிருந்து வருவது. நனைந்த பிறகு மண்ணோடு அமர்ந்திருக்கும். தொட்டியில் கறிவேப்பிலை, மல்லிகை வைப்பவர்களுக்கு நான் பியூமிஸைத்தான் சொல்வேன், ஐந்தில் ஒரு பங்கு. சிவப்பு லாவா ராக் தொட்டி மேல் அழகுக்கு.

சுங்கை பூலோ நர்சரி வரிசையில் இவை எல்லாம் கிடைக்கும். 1930-இல் தொழுநோயாளர் குடியிருப்பாகத் தொடங்கிய இடம் அது; அங்கே வாழ்ந்தவர்கள் ஊன்றிய செடித் தொழில்தான் இன்று அந்த வரிசையாக வளர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

என் கறிவேப்பிலை மஞ்சளாகிறது. தூள் போடட்டுமா?

எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். அடியில் இருக்கும் பழைய இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்துக் குறை, எரு போடுங்கள். பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை. டோலமைட்டும் பசால்ட்டும் உதவும். நுனிக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புக் குறை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பசால்ட்டில்தான் இரும்பு இருக்கிறதே என்று மேலும் மேலும் போடுகிறார்கள்.

நம் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் செடிக்குக் கிடைக்கவில்லை என்றால் மண் காரமாகிவிட்டது என்று பொருள். வாசல் பாத்தியில் சிமெண்ட் துண்டுகள் கலந்திருந்தால் பி.எச். 7-ஐத் தாண்டி 8 வரைகூடப் போகும். அந்த இடத்தில் டோலமைட்டும் கூடாது, கல் தூளும் கூடாது. சிமெண்ட் துண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டு எருவும் இலைமக்கும் போட வேண்டும். இட்லிப்பூ (இக்ஸோரா) வெளுப்பதும் பெரும்பாலும் இதனால்தான், அது புளிப்பு மண்ணுக்குப் பிறந்த செடி.

ஆகவே தூள் வாங்கும் முன் பி.எச். தாள் ஒரு கட்டு வாங்குங்கள். காய்கறிக்கு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. 5-க்குக் கீழே என்றால் மட்டும்தான் இந்தப் பக்கத்தில் சொன்ன வைத்தியம் உங்களுக்கு முழுசாகப் பொருந்தும்.

மழை எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிடாதா?

மேலாகத் தூவினால் போகும். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் நவம்பரிலும்தான் மழை உச்சம். சாயங்கால இடிமழை அரை மணி நேரத்தில் பாத்தியையே புரட்டிப் போடும். ஜூன், ஜூலையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அப்போது கொத்திக் கலந்து, மேலே காய்ந்த இலையோ வாழை மட்டையோ மூடிவிடுங்கள். பாத்தி ஓரத்தில் செங்கல் வரிசை ஒன்று வையுங்கள். தூள் லோங்காங்கில் போய்ப் படிந்தால் தண்ணீர் தேங்கும், கொசு வரும், டிங்கிக் காய்ச்சல் வரும்.

தூசி உடம்புக்கு ஆகாது என்கிறார்களே?

ஆகாதுதான். எந்தக் கல்லின் நைசான தூளும் நுரையீரலுக்கு ஆகாது. எம்.சி.ஓ. (கொரோனா ஊரடங்கு) காலத்து முகக்கவசம் வீட்டில் மிச்சம் இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். தூளை முதலில் நனைத்து, ஈர மண்ணோடு பிசைந்து போட்டால் பறக்காது. ஆஸ்துமா இருப்பவர்கள் வேறு யாரையாவது கலக்கச் சொல்லுங்கள்.

கல்லில் கன உலோகம் இருக்காதா?

கொஞ்சம் இருக்கும். பசால்ட்டில் நிக்கலும் குரோமியமும் சிறிதளவு உண்டு. செர்பென்டினைட், டூனைட் போன்ற கற்களில்தான் அவை மிக அதிகம். மூட்டையில் அந்தப் பெயர்கள் இருந்தால் காய்கறிப் பாத்திக்கு வேண்டாம். பெரிய அளவில் வாங்கினால் ஆய்வறிக்கை கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கல் தூள் போட்டால் புவி வெப்பம் குறையும் என்று என் மகள் சொல்கிறாள், நிஜமா?

மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கல் கரையும்போது கரியமில வாயு பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போகிறது. சபாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இதற்காகவே ஹெக்டேருக்கு 50 டன் பசால்ட் என்று ஆண்டுதோறும் போட்டுச் சோதித்தார்கள். ஆனால் குவாந்தானிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வரும் பத்துக் கிலோவால் உங்கள் வீட்டு வாசலில் உலகம் குளிர்ந்துவிடாது. வெண்டைக்காய்க்காகப் போடுங்கள்.

திரும்ப எப்போது போட வேண்டும்? மீந்த தூள் கெட்டுப்போகுமா?

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, பி.எச். தாளில் பார்த்துவிட்டு. எரு அப்படி இல்லை, ஒவ்வொரு போகத்துக்கும் வேண்டும். நம் வெக்கையில் அது பனிக்கட்டி மாதிரி காணாமல் போய்விடும்.

தூள் கெடாது. நனைந்தால் கட்டி தட்டும், ஆனால் சிமெண்ட் போல இறுகாது. கையால் உடைத்துப் போடலாம். டிரம்மில் மூடி வைத்து, மேலே பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் பின்கட்டுத் தரையைப் பூச வந்தவர் இரண்டு வாளி அள்ளி மணலோடு கலந்துவிட்டார். அந்தத் தரை இன்னும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது.